மோட்டார் நின்றால் விழிப்பவர்

காசிமேட்டில் மாவு மில் நடத்துகிறவளுக்கு யாரும் வந்து வம்பு சொல்ல வேண்டியதில்லை. பையைப் பிரித்தாலே வீடு தெரிந்துவிடும். அரிசி கொண்டுவந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து திடீரென்று கேழ்வரகு வந்தால் அங்கே யாருக்கோ சர்க்கரை. மிளகாய் பாதியாகக் குறைந்தால் மருமகள் சமையல். முறுக்கு மாவு பெரிய அளவில் வந்தால் பெண் பார்க்க வருகிறார்கள். இத்தனை தெரிந்த எனக்கு, ஒரே ஒரு ஆள் ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு கிலோ பச்சரிசியைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்பது மட்டும் வெகுநாள் பிடிபடவில்லை.

அவர் விசைப்படகு டிரைவர். உயரமான ஆள், வெயிலில் வெந்த முகம், எப்போதும் முழங்கை வரை மடித்த சட்டை. நான் டிரைவரண்ணா என்பேன். அவர் என்னை மில்லுக்காரம்மா என்பார். எனக்கு அவர் நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான்.

வருஷம் பூரா அவர் வரமாட்டார். கோடையில் மீன் முட்டையிடும் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடைக்காலம் உண்டு. அப்போது துறைமுகத்தில் படகுகளெல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். ஆண்கள் வலை பின்னுவார்கள், சீட்டு ஆடுவார்கள், வருஷக் கணக்கில் பாக்கி வைத்திருந்த தூக்கத்தையெல்லாம் தூங்கித் தீர்ப்பார்கள், இடையிடையே பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புருஷன் முகம் நிதானமாகப் பார்க்கக் கிடைப்பது அப்போதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் இவர் என் மில்லில் வந்து உட்காருவார்.

வந்ததும் பையை நீட்டி, "அவுசரம் இல்ல. அல்லாத்தியும் அரைச்சிட்டு கடசியா போடு" என்பார். பிறகு மோட்டாருக்குப் பக்கத்தில் நான் அடுக்கி வைத்திருக்கும் காலிச் சாக்குகளின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். காதைக் கிழிக்கிற சத்தம் அங்கே. அந்த இடத்தில் நான்கூட ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்கமாட்டேன். அவரோ தொட்டிலில் போட்ட குழந்தைபோலத் தூங்குவார். மிளகாய் அரைக்கிற நாளில் தெருவே தும்மும். வாடிக்கைக்காரர்கள் பையை வைத்துவிட்டு எதிர்ச்சாரிக்கு ஓடிவிடுவார்கள். அவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய அங்கேயே கிடப்பார். சாயங்காலம் எழுந்து போகும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

ஒரு நாள் அரைத்துக்கொண்டிருக்கும்போதே பெல்ட் கழன்றதால் மோட்டாரை நிறுத்தினேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் சத்தம் கேட்டு விழிப்பார்கள். இவர் சத்தம் நின்றதும் விழித்தார்.

"இன்னாச்சு?"

"பெல்ட்டு அவுந்துக்கிச்சுண்ணா. ஒன்னியும் இல்ல."

அவர் பெல்டைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "எங்கனா குக்கர் வெச்சிகீறாங்களா? விசில் வராத மாரி இயுத்துகினு நிக்குதே?"

"இல்லியே."

"இல்ல?" என்றார். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே பெல்டை மாட்டினார். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது.

இந்தக் கேள்வியைப் பல வேஷத்தில் கேட்பார். டீக்கடை பாய்லர் கத்துதா என்பார். பின்தெருவில் வெல்டிங் வைக்கிறார்களா என்பார். வண்டி ஏதாவது பெல் அடிச்சிட்டே போகுதா என்பார். எனக்குக் கேட்காது, இல்லை என்பேன். ஒவ்வொரு தடவையும் "இல்ல?" என்று திருப்பிச் சொல்லிக்கொள்வார். ஆளுக்கு மரை கழன்றிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம். மகள் அம்பத்தூரில். மில்லுக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருக்கிறவளுக்கு, மரை கழன்ற ஆளாக இருந்தாலும் பகலில் பேச்சுத் துணை என்று ஒன்று இருந்ததே என்று இருந்தது. மறைப்பானேன், அவர் வருகிற நாளில் டீயை இரண்டாகச் சொல்வேன்.

இரண்டாவது வருஷத் தடைக்காலத்தில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "டிரைவரண்ணா, உங்க வூட்ல இந்த மாவ துன்றாங்களா, இல்ல செவுத்துக்கு அடிக்கறாங்களா?"

அவர் சிரித்தார். சிரித்து முடித்தபின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. மோட்டார் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் என் பக்கமாகக் குனிந்து சொன்னார்.

"காதுக்குள்ள கத்துதும்மா. ரெண்டு காதுலயும். எஞ்சின் ஓடும்போது தெரியறதில்ல. எஞ்சின ஆஃப் பண்ணா புட்ச்சிக்கும். ஙீன்னு. நிக்கவே நிக்காது. கடல்ல வல போட்டுட்டு சும்மா கெடக்கும்போது, மத்தவன்லாம் தூங்குவான், நான் மட்டும் குந்திகினு இருப்பேன். ஒருவாட்டி தாங்க முடியல. போட்டு ஓரத்துல பட்த்துகினு தலைய தண்ணிக்குள்ள வுட்டு பாத்தேன், அங்கனா அடங்குதான்னு."

"அடங்கிச்சா?"

"அங்கயும் கீது. அப்டியே பூடலாமான்னு இருந்திச்சு."

நான் அவருடைய அரிசியை எடுத்து மில்லின் தகர வாயில் கொட்டினேன். அன்று அது கடைசியாக அரைக்க வேண்டிய அரிசி, முதலிலேயே போட்டுவிட்டேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. எஞ்சின் சத்தம் துளி மாறினாலும் முதலில் டிரைவர் காதுக்குத்தான் தெரிய வேண்டும். பின்னால் வலை இழுக்கிறவர்கள் நிறுத்து என்று கத்தினால் அந்த நொடியே கேட்க வேண்டும். காது சரியில்லை என்று ஓனருக்குத் தெரிந்தால் மறுநாளே படகு வேறு ஆள் கைக்குப் போய்விடும். அதற்கு அவர் ஒரு வழி செய்திருந்தார். பழைய லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியை வாங்கி, சுக்கானுக்குப் பக்கத்தில் பொருத்தி, பின்னால் நடப்பதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டார். ஓனர் அதை ஸ்டைல் என்று நினைத்து மெச்சிக்கொண்டாராம்.

"வூட்லயாவது சொல்லலாம்ல?" என்றேன்.

"அவளாண்ட சொன்னா மைக்கு வெச்ச மாரி. துறமொகம் பூரா தெரிஞ்சிடும்."

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புகிற அன்று நான் மில்லைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்ப்பேன். எல்லா எஞ்சின்களும் ஒன்றாக உறுமும்போது பெண்கள் கையாட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். விடுதலையான ஆளின் முகம் அது. கரையில் நிற்கிற அவருடைய வீட்டுக்காரிக்கு அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவள் யோசித்திருக்கிறாள். மூன்றாவது வருஷம் கத்திரி வெயிலில், மத்தியானம், இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் வாளியோடு மில் வாசலில் வந்து நின்றாள். குள்ளமாக, கட்டுமஸ்தாக, மீன் கூடை சுமந்து உறுதிப்பட்ட கழுத்து. வாளிகளைத் தரையில் குத்தினாள். இரண்டிலும் தளும்பத் தளும்ப அரிசி மாவு.

"இந்தா. உன் மாவு. வூட்ல இன்னும் நாலு ட்ரம்மு கீது. வண்டு வெச்சி பூட்ச்சி. மத்தவ புருசன் சட்டையில பூவு கீதா, பவுடர் கீதான்னு தேடுவா. நான் எம் புருசன் மண்டையில அரிசி மாவு தேடிகினு கீறேன். இன்னா நடக்குது இங்க?"

சாக்கு மறைவில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பார்க்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திக் கத்திப் பேசினாள். தெருவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"ஒரு ஆம்பள வருசம் பூரா எஞ்சின் சத்தத்துல சாவறானே, இந்த ரெண்டு மாசமாவது நிம்மதியா தூங்கட்டும்னு நான் வூட்ட எப்டி வெச்சிகீறேன் தெரியுமா? டிவிய தொறக்கறதில்ல. குக்கர் வெக்கறதில்ல, சோத்த வட்ச்சிதான் போட்றேன். வாசல்ல ஒரு புள்ளய ஆடவுட்றதில்ல, அல்லாத்தியும் வெரட்றேன். எங்கம்மா வூட்டு சீர்ல வந்த டேபிள் ஃபேனு, கடகடன்னு கத்துதுன்னு காயலான் கடைக்கு போட்டுட்டு, ஓட்றதே தெரியாத ஃபேனா பாத்து வாங்கி மாட்டினேன். இவ்ளோ பண்ணியும் அந்தாளு வூட்ல கண்ண மூட்றதில்ல. இங்க, இந்த கருமாந்தர சத்தத்துல வந்து தூங்கறானாம். அப்ப அவனுக்கு தூக்கமா வோணும்? வேற இன்னாவோ வோணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. தடைக்காலம் தவறாமல் இந்தப் பெண் பாசத்தோடு வீட்டைக் கல்லறைபோல அமைதியாக்கி வைத்திருக்கிறாள். அந்த அமைதிக்குப் பயந்து அந்த மனிதர் ஓடி வருகிறார். இரண்டு பேரையும் சேர்த்துவைத்து அழலாம், சிரிக்கலாம். ஆனால் சொல்ல முடியாது. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் அவர் முன்பே வாக்கு வாங்கியிருந்தார். சொல்லாவிட்டால் தெருவில் என் பெயர் நாறிவிடும். தாலி இல்லாத கழுத்தை ஊர் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாதா?

போய் சுவிட்சை அணைத்தேன்.

மோட்டார் இழுத்து இழுத்து நின்றது. சாக்குக்குப் பின்னாலிருந்து அவர் விருட்டென்று எழுந்தார். எதிரே பெண்டாட்டி. ஆனாலும் அவர் கை அவரையறியாமல் காதுக்குத்தான் போனது. இரண்டு உள்ளங்கையாலும் காதை அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அவள் சண்டையை மறந்துவிட்டாள். "காத ஏன் பொத்திக்கிற?"

அவர் காதை இன்னும் இறுக்கி அழுத்தினார்.

"நான் இன்னும் கத்தவே இல்லியே. காத ஏன் பொத்திக்கிற?"

"உள்ள கத்துது" என்றார்.

"இன்னா கத்துது?"

"தெர்ல. நிக்காம கத்துது. வூட்ட நீ கம்முனு வெக்கிற பாரு, அப்ப ரொம்ப கத்துது."

அவள் மாவு வாளியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள். "எத்தினி வருசமா?"

"பெரியவ வயசுக்கு வந்தாளே, அப்பலேர்ந்து."

"என்னாண்ட சொல்லல."

"சொன்னா? உனுக்கும் கேக்கவா போவுது?"

அவள் எழுந்து அவருக்குப் பக்கத்தில் போனாள். நான் நிற்கிறேன், தெருவில் இரண்டு பேர் நிற்கிறார்கள், எதையும் பார்க்கவில்லை. எட்டி அவர் தலையை இழுத்துக் குனியவைத்து, அவர் காதோடு தன் காதை வைத்துக் கேட்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் கேட்டாள். விலகியபோது அவள் கன்னம் முழுக்க மாவு.

"ஒன்னியும் கேக்கல" என்றாள்.

"அதான் பேஜாரு" என்றார் அவர்.

அப்போதுதான் அவள் அழுதாள். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாளிகள் என் மில்லிலேயே கிடந்தன. மறுநாள் காயலான் கடையில் அந்த டேபிள் ஃபேனைத் தேடிப் பிடித்துத் தூக்கி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கம்பி வலை போயிருந்தது, இறக்கை வளைந்திருந்தது. முன்பைவிட அதிகமாகக் கடகடத்ததாம். அது ஓட ஓட அவர் தன் வீட்டில், தன் பாயில், மத்தியானம் முழுக்கத் தூங்கியிருக்கிறார்.

பெரியாஸ்பத்திரிக்கும் அவளே கூட்டிப்போனாள். அந்தக் கதையை அவர் ஒரு நாள் வாசலில் நின்று சொன்னார். காது சோதிக்க ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் கதவை மூடினார்களாம். வெளிச்சத்தம் துளியும் நுழையாத அறை. "புயல்ல மாட்டிகினு கீறேன், அப்பகூட அவ்ளோ பயம் இல்ல" என்றார். டாக்டரம்மா, இந்தச் சத்தத்தை நிறுத்துகிற மாத்திரை கிடையாது, ஆனால் இதை மனசு சட்டை பண்ணாமல் விடப் பழகிக்கொள்ளும், நாளாகும் என்று சொன்னாராம். பக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம் ஓடட்டும். பெரிய சத்தம் கூடவே கூடாது, இருக்கிற காதும் போய்விடும். படகில் காதை மூடுகிற கவசம் போட வேண்டும்.

"மில்லுக்கு போவவே கூடாதுன்னுட்டாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஓனரிடமும் அவரே போய்ச் சொல்லிவிட்டார். ஓனர் முணுமுணுத்திருக்கிறார். கண்ணாடியைக் காட்டி, இத்தனை வருஷமாக இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன், ஒருத்தன் விரலுக்காவது சேதம் வந்ததா என்று இவர் கேட்டிருக்கிறார். படகு அவர் கையிலேயே இருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த தடைக்காலத்தில் சாக்குகள் வெறுமனே கிடந்தன. பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லி ஒன்றை நானே குடித்த நாள் உண்டு. தெருவில் பார்த்தால் நிற்பார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நெடுஞ்சாலைப் பக்கம் கை காட்டுவார். அங்கே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எந்நேரமும் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருக்கும்.

"அந்த மாரிதான். ரோட்ல அது பாட்டுக்கு போய்கினு கீது. நான் ஏன் வாசல்ல நின்னு எண்ணிகினு இருக்கணும்?"

சில நாள் எண்ணுவேன் என்றும் சொல்வார். காய்ச்சல் வந்தால், கவலை வந்தால், லாரி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்பார். பொய் சொல்லாத மனிதர்.

பிறகு இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அப்படி ஒரு நாள், தடைக்காலம்தான். மில் ஓடவில்லை. நான் வாசல் படியில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மீன் வலைக்கு நூல் வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போனார்.

"டிரைவரண்ணா" என்று கூப்பிட்டேன். "இங்க எங்கனா குக்கர் வெச்சிகீறாங்களா? காத்தால புட்ச்சி ஒரே இயுப்பா கீது."

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் நின்றார். தலையைச் சாய்த்துத் தெருவைக் கேட்டார். எனக்காக, மெய்யாகவே, அக்கறையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார்.

"இல்ல?" என்றேன்.

இருபத்தைந்து வருஷம் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றவள் நான். எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? ஆனால் அந்த நிமிஷம் அதெல்லாம் தோன்றவில்லை. மேலே இருக்கிற அந்த ஒற்றை அறை, அங்கே ராத்திரி நானும் இந்தச் சத்தமும் மட்டும் இருக்கப்போகிறோம் என்பதுதான் தோன்றியது. காதோடு காது வைத்துக் கேட்க எனக்கு யார் இருக்கிறார்கள்? உடம்பு உதற ஆரம்பித்துவிட்டது.

அவர் நூல் பையைப் படியில் வைத்துவிட்டு மில்லுக்குள் போனார். வருவதற்குத் தடை போட்ட இடம் அது. மோட்டாரும் ஓடவில்லை, ஃபேனும் ஓடவில்லை. அப்படி ஓர் அமைதி. அந்த அமைதி அவருக்கு என்ன செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சுவரில் மாட்டியிருந்த சல்லடையை எடுத்தார். ஒரு தாம்பாளத்தை இழுத்துப் போட்டார். மாவை அள்ளிப் போட்டுச் சலிக்க ஆரம்பித்தார்.

சரக், சரக், சரக்.

"அது நைஸ் மாவுண்ணா. சலிக்க வேணாம்."

"தெரியும். கம்முனு குந்து."

குந்தினேன். அவர் சலித்தார். சலித்த மாவையே திரும்ப அள்ளிப் போட்டுச் சலித்தார். நடுவில் ஒரு தடவை அவர் கை நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருக்குள்ளும் அது கத்துகிறது என்று தெரிந்தது. பிறகு கை மறுபடி ஓடத் தொடங்கியது. சாயங்காலம் கரண்டு வருகிற வரைக்கும் சலித்துக்கொண்டே இருந்தார். என் காதில் அது நிற்கவில்லை. ஆனால் எப்போது என் உடம்பு உதறுவதை நிறுத்தியது என்று எனக்குத் தெரியவில்லை.

விளக்கு எரிந்ததும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "காதுல பஞ்சாவது வெச்சினு மோட்டாராண்ட நில்லு. அந்த டாக்டரம்மாவாண்ட அவ இட்டுகினு போவா உன்ன, நான் சொல்றேன்." தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக வீட்டுக்குப் போனார். அவளுக்கு இந்தத் தடவை சந்தேகம் வந்திருக்காது என்று நம்புகிறேன். மறுநாள் காலையிலேயே அவள் வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

இப்போது அவர்கள் இங்கே இல்லை. கடலை விட்டுவிட்டு, பெரிய மகளோடு கடலூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அந்த டேபிள் ஃபேனையும் லாரியில் ஏற்றியதைப் பார்த்தேன். அதற்கென்று தனியாக ஒரு சாக்கைச் சுற்றி, அவளே மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கையாட்டக்கூட அவளுக்குக் கை இல்லை.

என் சத்தம் என்னோடுதான் இருக்கிறது. பெரும்பாலான நாள் அது ரோட்டில் போகிறது. சில நாள் வீட்டுக்குள் வருகிறது. கரண்டு இல்லாத நாட்களில் நான் தாம்பாளத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி கோதுமைப் பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாவு நைஸாத்தான கீது, இன்னாத்துக்குக்கா சலிச்சிகினு கீற?"

"கரண்டு வர்ற வரைக்கும்" என்றேன்.